செயின் அறுந்துவிட்டதா? முதலில் அந்த ஒரு கண்ணியைப் பாருங்கள்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் சைக்கிளில் போனவர்களுக்குத் தெரியும், அந்த வழியில் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பாலங்கள்தான் மேடு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகள். அதில் ஒரு பாலத்தில் ஏறும்போது சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தேன். 'டங்' என்று ஒரு சத்தம். கால் வெறும் காற்றை மிதித்தது, முழங்கால் ஹேண்டில்பாரில் போய் இடித்தது. திரும்பிப் பார்த்தால் செயின் செத்த பாம்பு மாதிரி ரோட்டில் கிடக்கிறது.

அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். புதுச் செயின் வாங்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். சைக்கிள் கடையில் இருந்த பெரியவர் செயினை வாங்கி, முழுசாகப் பார்க்கக்கூட இல்லை. அறுந்த நுனியை மட்டும் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். சுத்தியலால் நாலு தட்டு, ஒரு சின்ன லாக், அதாவது அறுந்த இரண்டு நுனியையும் சேர்க்கும் தனிக் கண்ணி. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "செயினுக்கு ஒண்ணும் ஆகலை தம்பி, ஒரு கண்ணிதான் வாயைப் பிளந்திடுச்சு" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். செயின் அறுந்தது என்றால் நூறு கண்ணியில் ஒரே ஒரு கண்ணி பிடி விட்டிருக்கிறது என்று பொருள். அந்த ஒன்றை அடையாளம் கண்டு, எடுத்து, மிச்சத்தைச் சேர்க்கத் தெரிந்தால் போதும். கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளை வைத்தே சொல்கிறேன். பால்காரர் வண்டியும் அதுதான், அரசுப் பள்ளியில் 11-ஆம் வகுப்பில் கிடைக்கும் விலையில்லாச் சைக்கிளும் அதுதான். கியர் வண்டிக்காரர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் பின்னால் வருகிறது.

அறுந்ததா, கழன்றதா?

இரண்டும் வேறு. செயின் பல்லைவிட்டு இறங்கித் தொங்கினால் அது கழன்றது. வளையம் இன்னும் முழுசாக இருக்கும். பின்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தில், அதாவது ஃப்ரீவீலில், செயின் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் பெடலோடு சேர்ந்த பெரிய செயின் வீலின் உச்சியில் நாலைந்து கண்ணிகளை மாட்டுங்கள். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பெடலை மெதுவாக முன்பக்கமாகச் சுற்றினால் மிச்சம் தானாக ஏறிவிடும். அடிக்கடி கழன்றால் செயின் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் கீழே 'தொய்வு' என்ற இடத்தில் இருக்கிறது.

செயின் கயிறு மாதிரி இரண்டு நுனியோடு கிடந்தால்தான் அறுந்தது. உடனே ஒரு வேலை செய்யுங்கள்: வந்த வழியில் இருபது முப்பது அடி பின்னால் நடந்து தரையைப் பாருங்கள். லாக் கழன்று விழுந்திருந்தால் அதன் தகடோ கிளிப்போ அங்கேயே கிடக்கலாம். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. நம் ஊர்ச் சைக்கிளில் பிரேக் ஹேண்டில்பாரிலிருந்து ரிம்மைப் பிடிக்கிறது, செயின் போனாலும் பிரேக் வேலை செய்யும். ஜெர்மனி, நெதர்லாந்து பக்கம் இருக்கிற நம் ஆட்கள் கவனிக்க: அங்கே நிறைய வண்டிகளில் பெடலைப் பின்னால் மிதித்தால்தான் பின் பிரேக். செயின் அறுந்தால் அந்த பிரேக்கும் கூடவே போய்விடும். சரிசெய்யும் வரை ஏறி உட்கார வேண்டாம்.

கண்ணியைப் பார்க்கப் பழகுங்கள்

துணியால் ஒரு சாண் நீளத்துக்குச் செயினைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணி எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று விட்டு ஒன்று அகலமாகவும் குறுகலாகவும் வரும். அகலமானது வெளிக்கண்ணி: இரண்டு தகடு, அவற்றைக் குறுக்கே பிடித்திருக்கும் இரண்டு ரிவிட். குறுகலானது உள்கண்ணி: அதிலும் இரண்டு தகடுதான், ஆனால் நடுவில் இரண்டு உருளைகள் இருக்கும். அந்த உருளைகள்தான் பல்லில் போய் உட்காருகின்றன. உள்கண்ணியின் துளைக்குள் வெளிக்கண்ணியின் ரிவிட் நுழைகிறது. இப்படியே கைகோத்துக்கொண்டு போகிறது.

ஒரு ரிவிட்டுக்கும் அடுத்த ரிவிட்டுக்கும் இடைவெளி சரியாக அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். இது உள்ளூர் வண்டிக்கும் லட்ச ரூபாய் வண்டிக்கும் ஒன்றுதான். இந்த மாதிரி உருளைச் செயினை 1880-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்ற சுவிஸ்காரர் செய்தார். அடிப்படை அமைப்பு அப்போதிருந்து பெரிதாக மாறவில்லை. மாறுவது அகலம் மட்டும். கியர் இல்லாத வண்டியில் உள் அகலம் எட்டில் ஒரு அங்குலம், கிட்டத்தட்ட 3.2 மில்லிமீட்டர். கியர் வண்டியில் அதைவிடக் குறுகல்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கடையில் "செயின் லாக் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் சில சமயம் பைக் லாக்கை எடுத்து வைத்துவிடுவார்கள். பைக் செயினில் 428 என்று அடித்திருக்கும் ரகத்துக்கும் இடைவெளி அதே அரை அங்குலம்தான். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்துகிற மாதிரியே தெரியும். ஆனால் அகலம் இரண்டு மடங்குக்கு மேல், அதன் முளையும் தடிமன், சைக்கிள் செயினின் துளையில் நுழையாது. "சைக்கிள் செயின் லாக், கியர் இல்லாத வண்டிக்கு" என்று முழுசாகக் கேளுங்கள். அறுந்த துண்டைக் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது.

பெரும்பாலும் பிளந்துகொள்வது வெளிக்கண்ணிதான். அதன் ஒரு தகடு ரிவிட் தலையிலிருந்து நழுவி, வெளிப்பக்கமாக வளைந்து நிற்கும். சில சமயம் தகடே துளைக்கு அருகில் விரிசல் விட்டு உடைந்திருக்கும். வளைந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தித் திரும்ப மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. மாட்டவும் முடிந்தது. மறுநாளே அதே இடத்தில் பிளந்தது. ஒரு தடவை நழுவிய தகட்டின் துளை விரிந்துபோய்விடும், அதற்குப் பிறகு பிடிக்காது. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்

செயின் கட்டர் என்று ஒரு சின்னக் கருவி கிடைக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். கைப்பிடியைத் திருகினால் ஒரு ஊசி முன்னால் வந்து ரிவிட்டைத் தள்ளும். சைக்கிள் வைத்திருப்பவர் வாங்கி வைப்பதில் நஷ்டம் இல்லை. அப்புறம் இரண்டு செயின் லாக், ஒரு கட்டிங் பிளேயர், பின்சக்கர நட்டுக்குச் சரியான ஸ்பேனர், பழைய துணி, ஒரு முழம் நூல். நூல் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

கட்டர் இல்லையென்றால் சுத்தியல், ஒரு காங்கிரீட் ஆணி, ஒரு பழைய நட்டு. சாதாரண ஆணி வளைந்துவிடும், காங்கிரீட் ஆணிதான் தாங்கும். அதன் கூர்முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கிக்கொள்ள வேண்டும், கூராக இருந்தால் ரிவிட் தலையில் வழுக்கும். நட்டு எதற்கு? செயினைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, தள்ள வேண்டிய ரிவிட் நட்டின் துளைக்கு நேர் மேலே வருகிற மாதிரி வைத்தால், அடிக்கும்போது தகடு நட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும், ரிவிட் துளைக்குள் இறங்கும். வெறும் தரையில் வைத்து அடித்தால் ரிவிட்டுக்குப் போக இடம் இல்லை, தகடுதான் நசுங்கும். நான் பார்த்த கடைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், நட்டுக்குப் பதில் துளையுள்ள இரும்புக் கட்டை ஒன்றை வைத்திருப்பார்கள். அடிக்கும்போது முகத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ரிவிட் சில நேரம் தெறிக்கும்.

வண்டியை நிறுத்துவது

கேரியர் பக்கம் இரட்டைக்கால் ஸ்டாண்டு இருக்கிற வண்டி என்றால் ஸ்டாண்டில் நிறுத்தினாலே பின்சக்கரம் காற்றில் நிற்கும், அதுவே போதும். ஒற்றைக்கால் ஸ்டாண்டு வண்டியைச் சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் நிற்கிற மாதிரி தலைகீழாகக் கவிழ்க்கலாம். பெல், பிரேக் பிடி தரையில் இடிக்காமல் அடியில் ஒரு சாக்கு போடுங்கள்.

பின்சக்கர நட்டு இரண்டையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். பழைய மாடல் வண்டிகளில் அந்த ஒரே ஆக்சிலில்தான் ஸ்டாண்டு, கேரியர் கம்பி, மட்கார்டு கம்பி எல்லாம் வரிசையாகக் கோத்திருக்கும். முழுசாகக் கழற்றினால் வாஷர் எது முதலில், எது பிறகு என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும். கழற்றியே ஆக வேண்டும் என்றால் போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். தளர்த்திய பிறகு சக்கரத்தை முன்பக்கம் தள்ளினால் செயினுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். ஆக்சில் நுனியில் செயின் அட்ஜஸ்டர் இருந்தால் அதையும் தளர்த்த வேண்டும்.

செயின் கவர் மூடியிருந்தால் அதன் திருகுகளைக் கழற்றி ஓரமாக வையுங்கள். பாதிக் கவர் என்றால் பெரும்பாலும் கழற்றாமலே வேலை ஆகும்.

கெட்டுப்போனதை எடுப்பது

இங்கேதான் முதல் தடவை செய்பவர்கள் தப்பு செய்கிறார்கள். எதை எடுக்கிறோம் என்பதைவிட எது மிஞ்சுகிறது என்று யோசிக்க வேண்டும்.

கையில் லாக் இருக்கிறது, பிளந்தது வெளிக்கண்ணி. இதுதான் சுலபமான நிலைமை. பிளந்த கண்ணி இன்னும் ஒரு ரிவிட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ரிவிட்டை முழுசாக வெளியே தள்ளி, கண்ணியை எடுத்துவிடுங்கள். இப்போது இரண்டு நுனியிலும் உள்கண்ணி, அதாவது உருளையோடு கூடிய குறுகல் நுனி இருக்கும். லாக் என்பதே ஒரு வெளிக்கண்ணிதான். எடுத்ததற்குப் பதில் அது போய் உட்கார்ந்துவிடும். செயின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது.

கையில் லாக் இல்லை, கட்டர் மட்டும் இருக்கிறது. அப்போது பிளந்த வெளிக்கண்ணியோடு பக்கத்து உள்கண்ணி ஒன்றையும் சேர்த்து எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒரு நுனி குறுகலாகவும் மறு நுனி அகலமாகவும் இருந்தால்தான் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். அந்த உள்கண்ணியை விடுவிக்க அடுத்த வெளிக்கண்ணியின் ரிவிட்டைத் தள்ளுவீர்கள் அல்லவா, அதை முழுசாகத் தள்ளிவிடாதீர்கள். உள்கண்ணி கழன்று வரும் அளவுக்கு மட்டும் தள்ளி, ரிவிட் அந்தப்புறத் தகட்டில் நுனியால் ஒட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்த வேண்டும். திரும்ப உள்ளே தள்ளப்போவது அதையேதான். முழுசாக வெளியே விழுந்துவிட்டால், அதை மறுபடி துளையில் நேராக நிறுத்துவதற்குள் பொறுமை போய்விடும்.

கட்டரைத் திருகும்போது அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகி, நடுநடுவே எடுத்துப் பாருங்கள். சில கட்டர்களில் செயினை வைக்க இரண்டு பள்ளம் இருக்கும். கைப்பிடியிலிருந்து தள்ளி இருக்கும் பள்ளத்தில் வைத்துத்தான் ரிவிட்டைத் தள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பது வேறு வேலைக்கு, அது கீழே வருகிறது. ரிவிட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும், சக்கரத்தைப் பார்த்து அல்ல. இல்லையென்றால் திரும்பத் தள்ளும்போது ஸ்போக்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் கட்டரை நுழைத்துக்கொண்டு திண்டாடுவீர்கள்.

உடைந்தது உள்கண்ணி என்றால் லாக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீளம் குறையும். லாக் போடுபவர் அந்த உள்கண்ணியையும் அதன் இரு பக்கத்து வெளிக்கண்ணிகளையும் எடுத்துவிட்டு லாக் போட வேண்டும். லாக் இல்லாதவர் உள்கண்ணியோடு ஒரு பக்கத்து வெளிக்கண்ணியை மட்டும் எடுத்து, மறுபக்கத்து ரிவிட்டை மேலே சொன்ன மாதிரி மிச்சம் வைக்க வேண்டும்.

இப்படிக் குறையும்போதெல்லாம் குறைவது ஒரு அங்குலம். செயின் மேலே ஒரு ஓட்டம், கீழே ஒரு ஓட்டம் என்று இரண்டாக ஓடுவதால், பின்சக்கரம் அதில் பாதி, அதாவது அரை அங்குலம் முன்னால் வந்தால் சரியாகிவிடும். ஆக்சில் உட்காரும் பள்ளத்தில் அந்த இடம் இருந்தால் கவலை இல்லை. இடம் இல்லையென்றால் கடையில் பழைய செயினிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கி, இரண்டு லாக் போட்டு இணைக்கலாம். ரொம்பத் தேய்ந்த துண்டாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூலின் வேலை

செயினை ஃப்ரீவீலுக்குப் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுவருவது வெளியிலிருந்து பார்த்தால் சின்ன வேலை. கவர் இருக்கும் வண்டியில் அது ஒரு தலைவலி. செயினின் ஒரு நுனியில் நூலைக் கட்டி, முதலில் நூலை மட்டும் பல்சக்கரத்தின் மேல் சுற்றி வெளியே எடுங்கள். பிறகு நூலை இழுத்தால் செயின் பின்னாலேயே வந்துவிடும். பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரிதான்.

இரண்டு நுனியையும் எங்கே சேர்ப்பது? காற்றில் தொங்கவிட்டுச் சேர்க்கப் பார்த்தால் மூன்று கை வேண்டும். இரண்டு நுனியையும் செயின் வீலின் அடுத்தடுத்த பற்களில் மாட்டிவிடுங்கள். பல்லே அவற்றைப் பிடித்துக்கொள்ளும், நடுவில் சரியாக ஒரு கண்ணிக்கான இடைவெளி இருக்கும். இரண்டு கையும் உங்களுக்கு மிச்சம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் ரொம்ப நாள் காற்றில்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

லாக் போடுவது

லாக்கில் மூன்று துண்டு. இரண்டு முளையோடு கூடிய ஒரு தகடு, இரண்டு துளையோடு கூடிய இன்னொரு தகடு, அப்புறம் மெல்லிசான ஒரு கிளிப். முளைத் தகட்டைச் சக்கரப் பக்கத்திலிருந்து உள்ளே நுழைத்து, முளைகள் வெளிப்பக்கம் எட்டிப் பார்க்கும்படி வையுங்கள். அதன் மேல் துளைத் தகட்டை மாட்டுங்கள். முளை நுனியில் ஒரு சின்ன வரிப்பள்ளம் தெரியும். அது தகட்டுக்கு வெளியே முழுசாகத் தெரியும் வரை அழுத்துங்கள். அந்தப் பள்ளத்தில்தான் கிளிப் உட்கார வேண்டும்.

கிளிப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் வாலாகப் பிளந்து, அசல் மீன் மாதிரியே இருக்கும். மீன் தலையை முன்னால் வைத்துத்தான் நீந்தும். கிளிப்பும் அப்படியே. செயின் ஓடும் திசையில் மூடிய தலை இருக்க வேண்டும், பிளந்த வால் பின்னால் வர வேண்டும். மேல் ஓட்டத்தில் செயின் பின்னிருந்து முன்னால் போகிறது, அங்கே லாக் இருந்தால் மீன் தலை ஹேண்டில்பாரைப் பார்க்கும். அதே லாக் சுற்றிக் கீழே வந்தால் தலை பின்சக்கரத்தைப் பார்க்கும். குழம்பினால் லாக்கை மேலே கொண்டுவந்து பாருங்கள். மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? வால் எதிலாவது, கவர் விளிம்பிலோ ஒரு குச்சியிலோ, இடித்தால் கிளிப் கழன்று தெறித்துவிடும். மறுபடி ரோட்டில் தேட வேண்டியதுதான்.

கிளிப்பை முளைகளின் மேல் வைத்து, பிளேயரின் ஒரு தாடையை மீன் தலையிலும் இன்னொரு தாடையை வால் பக்கத்து முளையின் பின்புறத்திலும் வைத்து அழுத்துங்கள். வால் விரிந்து, முளையைத் தாண்டி, 'டிக்' என்று உட்காரும். அழுத்தும்போது ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். இந்தக் கிளிப் பறந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம், அதனால்தான் இரண்டு லாக் வாங்கச் சொன்னேன்.

ரிவிட்டையே திரும்பப் போடுபவர்கள்: அகல நுனிக்குள் குறுகல் நுனியை நுழைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் ரிவிட்டைக் கட்டரால் உள்ளே தள்ளுங்கள். இரண்டு பக்கமும் தகட்டுக்கு வெளியே ஒரே அளவு எட்டிப் பார்க்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் தகட்டோடு சமம் என்றால் அது சீக்கிரமே நழுவும். பக்கத்து ரிவிட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சேர்த்த இடத்தை மேலும் கீழுமாக மடக்கிப் பாருங்கள். மற்ற கண்ணிகள் மாதிரி லேசாக மடங்காமல் விறைப்பாக நின்றால், அது ஃப்ரீவீலைத் தாண்டும்போதெல்லாம் துள்ளும். அந்த இடத்தின் இரண்டு பக்கமும் பிடித்து, மடங்கும் திசையில் அல்லாமல் பக்கவாட்டில் மெதுவாக அசைத்துக் கொடுங்கள். தகடுகளுக்கு நடுவில் ஒரு மயிரிழை இடம் கிடைத்து இளகும். இளகாவிட்டால் கட்டரின் கைப்பிடி பக்கத்துப் பள்ளத்தில் வைத்து ரிவிட்டை ஒரு துளி மட்டும் தள்ளுங்கள். அந்தப் பள்ளம் இருப்பதே இதற்குத்தான்.

தொய்வு

சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை விறைப்பாக்கும்போது, வீணைத் தந்தி மாதிரி இறுக்கிவிடாதீர்கள். கீழ் ஓட்டத்தின் நடுவில் விரலால் மேலே தூக்கி, கீழே விட்டால் மொத்தம் அரை அங்குலம் ஆட வேண்டும். அதைவிட இறுகினால் பெடல் கனக்கும், ஃப்ரீவீலும் செயினும் சீக்கிரம் தேயும். அதைவிடத் தொய்ந்தால் குழியில் குதிக்கும்போது கழன்றுவிடும்.

பெடலைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி ஒவ்வொரு இடத்திலும் ஆட்டிப் பாருங்கள். செயின் வீல் மிகச் சரியான வட்டமாக இருப்பது அபூர்வம், ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். அதிகம் இறுகும் இடத்தில் அரை அங்குலம் இருந்தால் போதும்.

அப்புறம் சக்கரம் நேராக இருக்கிறதா? டயருக்கும் இரண்டு பக்க ஃப்ரேம் குழாய்க்கும் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள், இடைவெளி சமமாக இருக்க வேண்டும். முதலில் செயின் பக்கத்து நட்டை இறுக்கி, மறுபடி நேராக்கி, பிறகு மற்றதை இறுக்குங்கள். சக்கரம் முன்பு இருந்த இடத்திலிருந்து நகர்ந்திருந்தால் பிரேக் கட்டையும் ரிம்மில் சரியாகப் படுகிறதா, டயரில் உரசுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். செயின் சேர்ந்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடுவோம்.

சோதிக்கும்போது பெடலைச் சுற்றும் கை ஒன்று, செயினைத் தொடும் கை ஒன்று என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் விரல் போனால் போனதுதான். சைக்கிள் கடையில் வேலை பார்ப்பவர்களில் நகம் போன விரல் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். லாக் ஃப்ரீவீலைத் தாண்டுவதைக் கண்ணால் நாலைந்து சுற்று பார்த்துவிட்டு, தெருவில் ஒரு முறை மெதுவாக ஓட்டுங்கள். எழுந்து நின்று மிதிப்பது கடைசியில்.

கியர் வண்டி என்றால்

மேலே சொன்ன கிளிப் லாக் இதற்கு ஆகாது. பின்னால் பல்சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால் கிளிப் உரசும். இதற்குக் குவிக் லிங்க் என்று இரண்டு துண்டாக வரும் கண்ணி இருக்கிறது. பின்னால் எத்தனை பல்சக்கரம் என்று எண்ணிச் சொல்லி வாங்குங்கள். 6, 7, 8 வரை பெரும்பாலும் ஒரே லிங்க்தான், 9-க்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனி. இரண்டு துண்டையும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நுழைத்து, பொருத்தி, லிங்க்கை மேல் ஓட்டத்தில் கொண்டுவந்து வையுங்கள். பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்.

குறுகலான செயினில் பழைய ரிவிட்டைத் திரும்பத் தள்ளிப் போடும் வேலை வேண்டாம். அதன் தலையை ஒரு தடவை தள்ளினாலே பிடிமானம் போய்விடும், வீடு போய்ச் சேரத் தாங்கலாம், அவ்வளவுதான். செயின் ஒரு அங்குலம் குறைந்திருந்தால் முன்னால் பெரிய பல், பின்னாலும் பெரிய பல் என்ற சேர்க்கைக்கு மட்டும் போகாதீர்கள். செயின் எட்டாமல், பின்சக்கரத்தருகே தொங்கும் கியர் கையையே முறித்துவிடும்.

ஏன் அறுந்தது?

சேர்த்தாகிவிட்டது. ஆனால் ஒரு கண்ணி சும்மா வாயைப் பிளக்காது. துரு, தேய்மானம், கோணலான சக்கரம், வளைந்த பல், கியர் வண்டியில் ஏற்றத்தில் முக்கி மிதித்துக்கொண்டே கியர் மாற்றுவது: இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். என் வண்டியில் துரு. மழைக்காலம் முழுக்கத் திண்ணைக்கு வெளியே நின்றது.

தேய்மானத்தை அளக்கத் தையல்காரர் டேப் வேண்டாம், அது இழுபடும். இரும்பு டேப் எடுங்கள். ஒரு ரிவிட்டின் நடுவில் சுழியை வைத்து, அதற்கு அடுத்ததிலிருந்து 24 ரிவிட் எண்ணுங்கள். புதுச் செயினில் 24-ஆவது ரிவிட்டின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். பதினாறில் ஒரு அங்குலம் தாண்டியிருந்தால் புதுச் செயினுக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள். எட்டில் ஒரு அங்குலம் தாண்டியிருந்தால் லாக் போட்டு ஓட்டுவது வீண், இன்னொரு கண்ணி வரிசையில் காத்திருக்கிறது. அப்படித் தேய்ந்த செயினோடு ஓடிய ஃப்ரீவீலும் தேய்ந்திருக்கும். அதன் பல் சுறாமீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையென்றால் புதுச் செயின் பல்லில் நிற்காமல் வழுக்கும்.

துருதான் காரணம் என்றால் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு உருளையின் மேலும் ஒரு சொட்டு எண்ணெய். பெடலைச் சுற்றி உள்ளே இறங்கவிட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதைத் துடைத்தெடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்ளே, வெளியே மினுக்குவது மண்ணைத்தான் பிடிக்கும். கிரீஸ் தடவுவதும் அதே தப்பு. மெக்கானிக் கடையில் சும்மா கிடைக்கும் பழைய எஞ்சின் ஆயிலில் கறுப்பாக இருப்பதே தேய்ந்த இரும்பும் கரியும்தான், அதை எதற்குத் திரும்பச் செயினில் விட வேண்டும்? வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு ஒரு நாள் சரி, மார்கழிக் குளிரில் உறைந்து நிற்கும்.

ஆனால் கையில் ஏறியிருக்கும் கறுப்புக்குத் தேங்காய் எண்ணெய்தான் மருந்து. சோப்பு போடுவதற்கு முன்னால் வறண்ட கையில் ஒரு ஸ்பூன் எண்ணெயும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுத் தேயுங்கள். நகக்கண் வரைக்கும் போய்விடும். அப்புறம் சோப்பு.